3 அம்பு, இரண்டு பக்கமும் 2: ஒரே புள்ளியில் மூன்று ரெப் வந்து விழுகிறதே?

வடசேரி டீச்சர் கேட்டது:

வணக்கம். எட்டு மாதமாக இங்கே வந்து வாசித்துவிட்டுப் போகிறவள்தான். எழுதுவது இதுதான் முதல் தடவை. பாலிடெக்னிக்கில் கணக்கு எடுக்கிறேன், எம்.ஃபில். முடித்து 16 வருஷம் ஆகிறது. அணிக்கோவை, வகைக்கெழு தாண்டி எதையும் கரும்பலகையில் எழுதிப் பல காலம் ஆயிற்று.

நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்ன சொல்கிறது என்று உருப்படியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒருவர் தண்டரையில் பிறந்தவர், ஒருவர் காஞ்சிபுரத்தில். இரண்டு பேரும் 1932. சென்னை லயோலாவில் படித்து, பம்பாய் டாட்டா நிறுவனத்துக்குப் போய், 1965ல் உலகம் முழுக்கப் பேசும் ஒரு தேற்றத்தைத் தந்துவிட்டார்கள். எனக்கு அதன் முதல் வரியே புரியவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. வெக்டர் பண்டில் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளி நிற்கும் அமைப்பு) என்று தொடங்கி, ஷீஃப், கோஹோமாலஜி என்று போய் மூன்றாவது அத்தியாயத்தில் மூடி வைத்துவிட்டேன். கூடப் படித்த ஒருத்தி, “முதலில் குவிவர் படி, முனைகளும் அம்புகளும் உள்ள படம், அங்கே எல்லாம் வெறும் அணிதான், ஸ்டேபிள் என்றால் என்ன என்று கையால் தொட்டுப் பார்க்கலாம்” என்றாள். சரி என்று இறங்கினேன்.

இரண்டு முனை, இடமிருந்து வலம் மூன்று அம்பு. இரண்டு முனையிலும் 2 பரிமாண வெளி. ஆக ஒரு ரெப்ரசன்டேஷன் (இனி ரெப்) என்பது அ, ஆ, இ என்று மூன்று 2×2 அணிகள், அவ்வளவுதான். இடப்பக்கமும் வலப்பக்கமும் அடிப்படையை மாற்றிக்கொள்ளலாம், அதாவது மூன்று அணிகளையும் ஒரே நேரத்தில் இந்தப் பக்கம் ஓர் அணியாலும் அந்தப் பக்கம் ஓர் அணியாலும் பெருக்கலாம். 12 எண்கள். மாற்றுகிற குலம் 4+4 = 8, அதில் ஒரு திசையிலி எதையும் மாற்றாது, ஆக 7. மீதி 5. மாடுலை வெளிக்கு, அதாவது ஒவ்வொரு வகை ரெப்பும் ஒரு புள்ளியாக நிற்கும் வெளிக்கு, 5 பரிமாணம். இதுவரை பிரச்சினை இல்லை.

புத்தகம் என்ன சொல்கிறது: ய, ர, ல என்று மூன்று மாறிகள் எடுத்து ய·அ + ர·ஆ + ல·இ என்ற அணியின் அணிக்கோவையைப் பார். அது இருபடிக் கோவை, அதாவது தளத்தில் ஒரு கூம்பு வளைவு. 6 கெழுக்கள். பொதுக் காரணியை விட்டால் 5 பரிமாண ப்ரொஜெக்டிவ் வெளி. அதுதான் மாடுலை வெளி. அழகாக இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் இன்டர்னல் தேர்வுக்கு மிஞ்சிய விடைத்தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதிப் பார்த்தேன் (அரைப்புள்ளியோ காற்புள்ளியோ வந்தால் அடுத்த நிரை):

[ ய 0 ; 0 ர ]
[ ய ல, 0 ர ]
[ ய 0, ல ர ]

மூன்றுக்கும் அணிக்கோவை ய·ர தான். ஆனால் முதலாவதில் ல-வின் அணி பூச்சியம், மற்ற இரண்டிலும் பூச்சியமில்லை. எந்தப் பக்கம் எதால் பெருக்கினாலும் பூச்சிய அணி பூச்சியமாகவே இருக்கும். ஆகவே முதலாவது மற்ற இரண்டோடும் சமமாக முடியாது. மாடுலை வெளியில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு புள்ளி என்றுதானே முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள்? இங்கே இரண்டோ மூன்றோ வகை ஒரே புள்ளியில் விழுகிறது. புத்தகம் தப்பா, நான் தப்பா?

—

எப்சிலன் எழுதியது:

இரண்டும் தப்பில்லை. எஸ்-சமானம் என்ற வரையறையைப் பாருங்கள். செமிஸ்டேபிள் ரெப்களில் ஜோர்டான்–ஹோல்டர் துண்டுகள் (மேலும் உடைக்க முடியாதவை) ஒன்றாக இருந்தால் ஒரே புள்ளி. கிங், 1994.

—

வடசேரி டீச்சர்:

நன்றி. வரையறை என்னிடம் இருக்கிறது, பக்கத்தை மடித்தே வைத்திருக்கிறேன். ஏன் அப்படி வரையறுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. வேறு வேறு என்று தெரிந்தும் ஒன்றாக்குவது, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ரோல் நம்பர் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

—

தூணிக்காரன் எழுதியது:

டீச்சர், விடைத்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் இரண்டாவது அணியிலேயே பதில் இருக்கிறது.

[ ய ல, 0 ர ] எடுங்கள். முதல் நிரையை ஒரு சிறிய எண் ந-ஆல் பெருக்குங்கள். முதல் நிரலை அதே ந-ஆல் வகுங்கள். இரண்டும் அனுமதிக்கப்பட்ட மாற்றம்தான். கிடைப்பது

[ ய ந·ல, 0 ர ]

ந பூச்சியமாக இல்லாதவரை இது உங்கள் இரண்டாவது ரெப்பேதான், வேறு சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ந = 0.1, 0.01, 0.0001 என்று போய்க்கொண்டே இருங்கள். ஆள் மாறவே இல்லை, ஆனால் உங்கள் முதலாவது ரெப்புக்கு வேண்டிய அளவு நெருங்கிவிடுகிறார். இப்போது இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி கொடுத்துப் பாருங்கள். ஒரு புள்ளியிலேயே நின்றுகொண்டிருக்கிற ஒரு தொடர், வேறு ஒரு புள்ளியை எல்லையாக அடைய வேண்டிவரும். எந்த ஒழுங்கான வெளியிலும் அது நடக்காது. ஆக ஒன்று ஒட்டவைக்க வேண்டும், அல்லது ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும். மூன்றாவது வழி இல்லை. (ஸ்டாக் என்று ஒரு வழி உண்டு, அது ரோல் நம்பரையே எடுத்துவிட்டு எல்லோரையும் அப்படியே உட்கார வைப்பது. இன்றைக்கு வேண்டாம்.)

வெளியே அனுப்புவதும் நடக்கிறது. [ ய ர, 0 0 ] எடுங்கள். அணிக்கோவை முழுப் பூச்சியம், கூம்பு வளைவே இல்லை. முதல் நிரையை ந-ஆல் பெருக்கி இரண்டாவதை ந-ஆல் வகுங்கள். இந்த மாற்றத்தின் அணிக்கோவை 1, ஆக ஏமாற்று வேலை இல்லை. ந சிறிதாகச் சிறிதாக மொத்தமும் பூச்சிய அணியில் போய் விழுகிறது. இப்படிப்பட்டவர்தான் அன்ஸ்டேபிள். இவருக்குப் புள்ளி கொடுத்தால் பூச்சியத்துக்கும் கொடுக்க வேண்டும், அப்புறம் வெளியே கெட்டுப்போகும். 1960களில் மம்ஃபோர்டு செய்தது இந்தக் களையெடுப்புதான். யாரை எடுப்பது என்று குலத்தையே கேட்டார்.

உள்-ரெப் மொழியில் சொன்னால்: இடப்பக்கம் ஒரு ப பரிமாண உள்வெளி, வலப்பக்கம் அதன் எல்லாப் பிம்பங்களையும் அடக்கும் ஒரு ம பரிமாண உள்வெளி. உங்கள் கணக்கில் எப்போதும் ம ≥ ப என்று இருந்தால் செமிஸ்டேபிள். சமம் ஒருபோதும் வராமல் (முழு ரெப், வெற்று ரெப் தவிர) ம > ப என்றே இருந்தால் ஸ்டேபிள். மேலே சொன்ன [ ய ர ; 0 0 ] அணியில் இடப்பக்கம் முழு 2 பரிமாணமும் வலப்பக்கம் ஒரே கோட்டில் விழுகிறது: ப = 2, ம = 1. அதனால் வெளியே. உங்கள் முக்கோண அணிகளில் ப = 1, ம = 1 என்று ஒரு உள்-ரெப் இருக்கிறது. விளிம்பில் நிற்பவர்கள். அணிக்கோவை இரண்டு கோடாகப் பிரிந்தால் விளிம்பு, பிரியாத உண்மையான கூம்பு வளைவானால் ஸ்டேபிள், அங்கே ஒரு புள்ளிக்கு ஒரே ஆள். ஆக ரோல் நம்பர் குழப்பம் எல்லாம் இரண்டு கோடாக உடைந்த வளைவுகள் இருக்கும் இடத்தில் மட்டும்தான். 5 பரிமாண வெளியில் அது ஒரு முப்படி மேற்பரப்பு. 3×3 சமச்சீர் அணி பூச்சியக்கோவை அணியாக இருக்கும் இடம் என்று உங்கள் பிள்ளைகளுக்கே சொல்லலாம்.

ஒரு வீட்டுப்பாடம். ய·ர விஷயத்தில் மூன்று பேர் ஒட்டினார்கள். கோடு இரட்டையாக, அதாவது ய² ஆக இருந்தால் எத்தனை பேர்?

(பெயர் பற்றி ஒரு வார்த்தை. குவிவர் என்றால் அம்பறாத்தூணி. 1972ல் காப்ரியேல் ஜெர்மனில் வைத்த பெயருக்கும் அதுதான் பொருள். அம்புகள் நிறைந்த படத்துக்கு வேறு என்ன வைப்பது? என் பெயரும் அங்கிருந்து வந்ததுதான், வேட்டைக்காரன் எல்லாம் இல்லை.)

—

வடசேரி டீச்சர்:

ந போட்டுப் பார்த்தேன். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வருவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இதை ஏன் எந்தப் புத்தகமும் முதல் பக்கத்தில் போடுவதில்லை?

வீட்டுப்பாடம்: [ ய ? ; 0 ய ]. கேள்விக்குறியில் க·ய + ச·ர + ட·ல வரலாம். ய இருக்கும் பகுதியை நிரை மாற்றத்தால் துடைத்துவிடலாம். ச·ர + ட·ல மிஞ்சுகிறது. அதை மொத்தமாகப் பெருக்கிக்கொள்ளலாம், ஆனால் ச-க்கும் ட-வுக்கும் உள்ள விகிதத்தை மாற்ற முடியவில்லை. எவ்வளவோ முயன்றேன். ஆகவே ஒவ்வொரு விகிதத்துக்கும் ஒரு ஆள், கூடவே மூலையில் பூச்சியம் உள்ளவர் ஒருவர். மூன்று பேர் இல்லை, ஒரு முழு ப்ரொஜெக்டிவ் கோடும் இன்னொருவரும். ஒரு ஊரே ஒரு புள்ளியில். சரியா?

—

தூணிக்காரன்:

சரி. முழு மதிப்பெண்.

—

இரண்டாம் ஜீனஸ் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் பண்டில் பக்கத்து ஆள், முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். டீச்சர் மேடம் இப்போது போட்ட கணக்கைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. உங்களுக்குத் தெரியாமலே நரசிம்மனும் ரமணனும் 1969ல் எழுதிய இடத்துக்கு வந்து நிற்கிறீர்கள்.

ஜீனஸ் 2 உள்ள ஒரு வளைவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துளை உள்ள வடையின் மேற்பரப்பு. (ஒரு துளை என்றால் மெதுவடை. இரண்டு துளைக்கு நம் ஊரில் பலகாரம் கிடையாது.) அதன் மேல் ரேங்க் 2, அணிக்கோவை அற்பமாக உள்ள வெக்டர் பண்டில்கள். இங்கேயும் உள்-பண்டில் வைத்துத்தான் சோதனை: ஒரு பண்டிலின் சாய்வு என்றால் படி ÷ ரேங்க். (ரேங்க் என்பது ஒவ்வொரு புள்ளியிலும் நிற்கும் வெளியின் பரிமாணம், படி என்பது பண்டில் எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பதன் அளவு.) எந்த உள்-பண்டிலின் சாய்வும் முழுப் பண்டிலின் சாய்வைத் தாண்டக்கூடாது. உங்கள் ம ≥ ப மாதிரியேதான்.

விளிம்பில் நிற்பவர்கள் யார்? படி 0 உள்ள ஒரு லைன் பண்டில் (ரேங்க் 1 பண்டில்) வ, கூடவே அதன் தலைகீழ் வ⁻¹. மூலைவிட்ட அணிக்குப் பதில் வ ⊕ வ⁻¹. முக்கோண அணிகளுக்குப் பதில், வ உள்ளே இருந்து வ⁻¹ மேலே இருக்கும் விரிவாக்கம், அல்லது அதற்கு மாறாக. இப்படிப்பட்ட பிரியாத விரிவாக்கங்கள் எத்தனை? வ-வும் வ⁻¹-உம் வேறு வேறாக இருந்தால் விரிவாக்க வெளியின் பரிமாணம் ஜீனஸ் − 1 = 1. அளவு மாற்றத்தை விட்டால் ஒரே ஒருவர். இரண்டு திசைக்கும் சேர்த்து இருவர், நேர்க்கூட்டல் ஒருவர், ஆக மூன்று பேர் ஒரு புள்ளியில். உங்கள் ய·ர கதையேதான். வ = வ⁻¹ ஆனால் பரிமாணம் 2, ஆக ஒரு ப்ரொஜெக்டிவ் கோடும் ஒரு தனியாளும். உங்கள் ய² கதை.

1969 கட்டுரை சொல்வது: இந்த மாடுலை வெளி 3 பரிமாண ப்ரொஜெக்டிவ் வெளியேதான். அதற்குள் விளிம்பில் நிற்பவர்கள் இருக்கும் இடம் கும்மர் பரப்பு. கும்மர் 1864ல் ஆராய்ந்த அதே நாற்படிப் பரப்பு, 16 கூர்ப்புள்ளிகள் உள்ளது. அந்த 16 யார் தெரிகிறதா? வ = வ⁻¹ ஆகும் லைன் பண்டில்கள் 2⁴ = 16. நீங்கள் “ஒரு ஊரே ஒரு புள்ளியில்” என்றீர்களே, அந்த ஊர்கள் பதினாறு.

இந்தப் பரப்பின் பிளாஸ்டர் மாதிரி ஒன்றின் படத்தைத்தான் கணினித் திரையில் வைத்திருக்கிறேன். அதில் உள்ள ஒவ்வொரு கூம்பு முனையிலும் ஒரு ப்ரொஜெக்டிவ் கோடு நிறைய பண்டில்கள் சுருண்டு கிடக்கின்றன என்று நினைத்தால் இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

—

எப்சிலன்:

இரண்டு இடத்திலும் ஒரே எண்கள் வருவது தற்செயல் இல்லை. ஆய்லர் வடிவத்தைப் பாருங்கள். குவிவர் பக்கம் (1,1)-க்கு 1 + 1 − 3 = −1. வளைவரைப் பக்கம் லைன் பண்டிலுக்கு 1 − 2 = −1. விரிவாக்கங்களை எண்ணுவது அந்த −1 தான். அணிக்கோவையைக் கட்டிப்போடாமல் விட்டால் பண்டில்களின் மாடுலை வெளிக்கும் பரிமாணம் 4 × (2−1) + 1 = 5. அதே 5. ஆனால் வெளிகள் ஒன்றல்ல, அவசரப்பட்டு அப்படி எழுதிவிட வேண்டாம்.

—

வடசேரி டீச்சர்:

எப்சிலன் சார், முதல் பதிலிலேயே இப்படி இரண்டு வரி சேர்த்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டேன். இதைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

ரமணன் கட்டுரை கிடைத்தது, புரிந்தது நாலில் ஒரு பங்கு. அதற்குள் பேராசை: விளிம்பில் யாருமே நிற்காத ஒரு கணக்கு வேண்டும் என்று வலப்பக்கம் 3, இடப்பக்கம் 2 எடுத்தேன். மூன்று 3×2 அணிகள், 18 எண்கள். குலம் 4 + 9 = 13. மீதி 5. மறுபடியும் 5! அப்புறம் சிற்றணிக்கோவைகள் போட்டால் மூன்று கூம்பு வளைவுகள் வருகின்றன. அவற்றை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

—

தூணிக்காரன்:

டீச்சர், திசையிலியை மறந்துவிட்டீர்கள். முதல் கேள்வியில் நீங்களே 8-ஐ 7 ஆக்கினீர்களே. 13-ஐ 12 ஆக்குங்கள். மீதி 6. பஸ்ஸில் கணக்குப் போட்டால் இப்படித்தான். நான் ஒருமுறை கருத்தரங்கில் முப்பது பேர் முன்னால் இதையே தவறவிட்டேன். முதல் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

விளிம்பு பற்றி நீங்கள் நினைத்தது சரி. இங்கே நிபந்தனை ம/3 ≥ ப/2. ப = 1 என்றால் சமம் வர ம = 1.5 ஆக வேண்டும். அரைப் பரிமாண வெளி கிடையாது. ஆக செமிஸ்டேபிள் எல்லாமே ஸ்டேபிள், ஒரு புள்ளிக்கு ஒரே ஆள், வெளி முழுக்க வழவழப்பு. பண்டில்களிலும் ரேங்கும் படியும் பொதுக் காரணி இல்லாமல் இருந்தால் இதே காரணம்தான். ஜீனஸ் 2-ல் ரேங்க் 2, ஒற்றைப்படைப் படி, அணிக்கோவை நிலையாக எடுத்தால் 5 பரிமாண ப்ரொஜெக்டிவ் வெளியில் இரண்டு இருபடிப் பரப்புகள் வெட்டிக்கொள்ளும் இடம் கிடைக்கும். நியூஸ்டெட், 1968. அங்கே கும்மர் மாதிரி கூர்முனை எதுவும் கிடையாது.

இப்போது 6. தளத்தில் மூன்று புள்ளி வைக்க எத்தனை எண் வேண்டும்? ஆளுக்கு இரண்டு, மொத்தம் 6. இதைப் பாருங்கள்:

[ ய 0 ; ர ர ; 0 ல ]

சிற்றணிக்கோவைகள்: ய·ர, ய·ல, ர·ல. மூன்றும் ஒரே நேரத்தில் பூச்சியமாகும் இடங்கள் (1,0,0), (0,1,0), (0,0,1). மூன்று புள்ளி, மூன்று கூம்பு வளைவு. ஒரே கோட்டில் இல்லாத எந்த மூன்று புள்ளிக்கும் இப்படி ஒரு ரெப் உண்டு, ஒன்றே ஒன்று. உங்களுக்குத் தெரியாமல் தளத்தின் மூன்று புள்ளிகளைத்தான் மாடுலையாக வைத்திருந்தீர்கள்.

சுவாரஸ்யம் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது. அப்போது அவற்றின் வழியே போகும் கூம்பு வளைவு எதுவானாலும் அந்தக் கோட்டை மூன்று இடத்தில் தொடுகிறது, இருபடிக்கு இரண்டுதான் அனுமதி, ஆகவே கோட்டையே விழுங்கிவிடும். கோடு ல = 0 என்றால் வளைவுகள் ல·ய, ல·ர, ல². அந்த ரெப் இது:

[ 0 ல, ல 0, ர ய ]

போட்டுப் பாருங்கள், குறி முன்பின் இருக்கும். அந்த மூன்று புள்ளிகள் எவை என்பதை இந்த ரெப் மறந்துவிட்டது. எந்தக் கோடு என்பது மட்டும் நினைவிருக்கிறது. கோட்டில் மூன்று புள்ளிகளைச் சரித்து வைக்கும் 3 பரிமாணம் முழுக்க ஒரு புள்ளியில் சுருங்குகிறது. மறுபக்கமிருந்து பார்த்தால், நம் 6 பரிமாண வெளியில் கோடுகளைக் குறிக்கும் 2 பரிமாணத் தளத்தை ப்ளோ-அப் செய்தால், அதாவது அதன் ஒவ்வொரு புள்ளியையும் ஊதி அந்த 3 பரிமாணத்தைத் திரும்ப விரித்தால், மூன்று புள்ளிகளின் ஹில்பர்ட் ஸ்கீம் (தளத்தில் மூன்று புள்ளி வைக்கும் வழிகளின் வெளி) கிடைக்கும்.

நம்பாதவர்களுக்கு ஒரு சரிபார்ப்பு. பெட்டி எண்கள் (நம் பெட்டி இல்லை, இத்தாலியர் பெயர்; ஒரு வெளியில் ஒவ்வொரு பரிமாணத்திலும் உள்ள துளைகளை எண்ணுபவை), இரட்டைப்படைகள் மட்டும்: ரெப் பக்கம் 1, 1, 3, 3, 3, 1, 1, கூட்டினால் 13. ப்ளோ-அப் சேர்ப்பது 0, 1, 2, 3, 2, 1, 0, கூட்டினால் 9. மொத்தம் 1, 2, 5, 6, 5, 2, 1, அதாவது 22. மூன்று புள்ளிகளின் ஹில்பர்ட் ஸ்கீமுக்கு ஆய்லர் எண் (இந்தக் கூட்டுத்தொகை) 22 தான். முதல் வரிசையை ரைனெக்கெவின் 2003 சூத்திரத்தால் குவிவரிலிருந்தே எடுக்கலாம். ஹார்டர்–நரசிம்மன் படிகளை வைத்து எண்ணுவது அது. அந்தப் பெயரில் இருப்பதும் உங்கள் தண்டரைக்காரர்தான்.

—

வடசேரி டீச்சர்:

திசையிலி. அவமானம். பிள்ளைகளிடம் இதே தப்புக்கு அரை மார்க் குறைத்திருக்கிறேன்.

குறி சரிதான். −ல², −ல·ர, ல·ய வந்தது.

ஒன்றே ஒன்று பாக்கி. நான் கிளம்பியது தேற்றத்துக்காக. குவிவரும் பண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று காட்டிவிட்டீர்கள். அவை ஒன்றையொன்று உண்மையிலேயே சந்திக்கும் இடம் உண்டா, இல்லை ஒப்புமையோடு நிற்குமா? அப்புறம், 1965 தேற்றத்துக்கு இந்த ஒட்டவைப்பில் என்ன பங்கு?

—

இரண்டாம் ஜீனஸ்:

முதல் கேள்விக்கு நான். சந்திக்கின்றன. ஒரு பண்டிலைப் போதுமான அளவு முறுக்கினால் அதற்கு நிறைய செக்ஷன்கள் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டரைத் தேர்ந்தெடுப்பவை) கிடைக்கும், அவற்றின் வெளிக்குப் பரிமாணமும் முடிவுள்ளது. கொஞ்சம் முறுக்கிய செக்ஷன்கள் ஒரு வெக்டர் வெளி, இன்னும் அதிகம் முறுக்கியவை இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக, இடைவெளி முறுக்கின் செக்ஷன் ஒன்றால் பெருக்க வேண்டும். அந்த இடைவெளி வெளிக்கு அடிப்படை எடுத்தால் ஒவ்வொரு அடிப்படை உறுப்பும் ஒரு அம்பு. இரண்டு முனை, பல அம்பு. உங்கள் படமேதான், அம்பு மட்டும் மூன்றல்ல. அல்வாரெஸ்-கான்சுல், கிங் இருவரும் 2007ல் இதை வைத்தே ஷீஃப்களின் மாடுலை வெளியை மொத்தமாகக் கட்டினார்கள். முறுக்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் சாய்வு வைத்துச் சோதிப்பதும் ரெப் வைத்துச் சோதிப்பதும் ஒரே விடை தரும் என்பதைக் காட்டுவதுதான் அங்கே உண்மையான உழைப்பு.

இரண்டாவது கேள்வியை அண்ணனுக்கு விடுகிறேன்.

—

தூணிக்காரன்:

தேற்றத்தை ஜீனஸ் 2, படி 0, ரேங்க் 2-க்கு மட்டும் சொல்கிறேன். நான்கு யூனிட்டரி 2×2 அணிகள் அ, ஆ, இ, ஈ எடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை:

அ ஆ அ⁻¹ ஆ⁻¹ இ ஈ இ⁻¹ ஈ⁻¹ = 1

வளைவரையின் மேல் உள்ள வளையங்கள் அத்தனைக்கும் இது போதும். இப்படி நான்கு அணி கொடுத்தால் ஒரு பண்டில் கிடைக்கும். நான்குக்கும் பொதுவான உள்வெளி இல்லை என்றால் அந்தப் பண்டில் ஸ்டேபிள். தலைகீழாக, படி 0 உள்ள ஒவ்வொரு ஸ்டேபிள் பண்டிலும் இப்படித்தான் வருகிறது, அதுவும் அடிப்படை மாற்றம் தவிர ஒரே வழியில். இதுதான் 1965.

இனி உங்கள் முக்கோண அணி. யூனிட்டரி அணிகளுக்கு ஒரு பொது உள்வெளி இருந்தால் அதற்குச் செங்குத்தான வெளியும் பொதுவாகிவிடும். மூலையில் ல நிற்க இடமே கிடையாது. முக்கோணமானால் மூலைவிட்டம்தான். நீங்கள் ந போட்டு ஓட்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்த அந்த முதலாவது ஆள் மட்டும்தான் யூனிட்டரி உலகத்துக்குத் தெரிந்தவர். ஒட்டவைத்த கூட்டம் ஒவ்வொன்றுக்கும் அங்கே சரியாக ஒரு பிரதிநிதி. 1967ல் சேஷாத்ரி ஒட்டவைப்பை முறைப்படுத்தி விளிம்பில் நிற்பவர்களையும் உள்ளே சேர்த்தார். எஸ்-சமானத்தின் எஸ் சேஷாத்ரியின் எஸ் என்றே நாங்கள் சொல்வது.

பரிமாணத்தை நீங்களே போடுங்கள். இம்முறை எதையும் மறக்காமல்.

—

வடசேரி டீச்சர்:

2×2 யூனிட்டரி அணிக்கு 4 மெய் எண்கள். நான்கு அணி, 16. நிபந்தனையில் 4 குறைக்கப் போனேன், பேனாவை நிறுத்தினேன். அ ஆ அ⁻¹ ஆ⁻¹ என்பதன் அணிக்கோவை எப்போதும் 1 தானே, ஆகவே ஒரு நிபந்தனை இலவசம். குறைப்பது 3. அடிப்படை மாற்றம் 4, அதில் திசையிலி ஒன்றும் செய்யாது, 3. (இதோ, ஞாபகம் இருக்கிறது.) 16 − 3 − 3 = 10. மெய் எண்ணில் 10 என்றால் கலப்பெண்ணில் 5.

எப்சிலன் சாரின் 5.

விடைத்தாளின் பின்பக்கம் நிறைந்துவிட்டது. இதைத் திருத்திய தாள்களோடு கட்டி ஆபீஸில் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும். ரேங்க் 3 எடுத்தால் விளிம்பில் நிற்பவர்கள் 2 + 1 என்றும் 1 + 1 + 1 என்றும் இரண்டு விதமாக வருவார்களே, அதைத் திங்கட்கிழமை பஸ்ஸில் பார்க்கிறேன்.